சுருளி கலந்த டிரம்

1

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

சிங்கப்பூரில், ஜூரோங்கில், யாரும் சீந்தாத சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். பாம்பும் கொசுவும் குடியிருந்த இடம். மண் கொட்டி மேடாக்கினேன், சிமெண்டுத் தரை போட்டேன், ஒரு சொட்டு சிந்தினாலும் வெளியே ஓடாதபடி சுற்றிலும் கரை கட்டினேன். தொழிற்சாலைகளின் விஷக்கழிவை வாங்கி வைக்கும் கிட்டங்கியை அங்கே எழுப்பினேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு ஓட்டை லாரி, அதுவும் பெரியப்பாவின் பழைய இரும்புக் கடையில் இரவல் வாங்கியது. இன்று பெத்தணசாமி என்று என் பெயர் எழுதிய லாரிகள் நிற்க என் நிலமே போதவில்லை. குப்பை பொறுக்குகிறவன் என்று சிரித்த சீன முதலாளிகள் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். விஷக்கழிவுக்கென்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது கோட்டுப் போட்டவர்களோடு வரிசையில் நின்று லைசென்சு வாங்கினேன். ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரின் பிரம்பைப் பிடுங்கி உடைத்துவிட்டு வெளியே வந்தவன் நான்.

மகனைக் கல்லூரியில் கெமிக்கல் படிக்க வைத்தேன். நம்மூர் ராசிங்காபுரத்தில் முதன்முதலில் மொசைக் தரை போட்டது என் வீடுதான். தங்கை ராசாத்தியின் கல்யாணப் பந்தியைப் பக்கத்து ஊர் தேவாரம் வரை பேசினார்கள். சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக மாலை போட்டவன்தான் சுருளிவேல். போன வாரம் போடியிலிருந்து தபாலில் வந்த உங்கள் சங்கத்து ஆண்டு மலரில், நடுப்பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகை முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மலைத்தோட்டங்களின் பூச்சிமருந்து டிரம்களை எப்படிப் பிரித்து வைப்பது, எந்த வாய்க்கு எந்த நிறம் பூசுவது, காலியான டிரம்மை எப்படித் துளை போட்டு நசுக்குவது என்றெல்லாம் தோட்ட முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். 'சிங்கப்பூர் சென்று இக்கலையைக் கற்று வந்த நம் மண்ணின் மைந்தர்' என்று கீழே போட்டிருக்கிறீர்கள்.

யாரிடம் கற்றான் என்று போடவில்லை. எப்படிக் கற்றான் என்றும் போடவில்லை. இரண்டையும் நான் எழுதுகிறேன்.

2

இங்கே என் காலை, கோப்பிக் கடையில் பால் ஊற்றாத காப்பியோடு தொடங்கும். பிறகு கிட்டங்கி. இன்றைக்கும் ஒவ்வொரு வரிசையையும் நானே நடந்து பார்ப்பேன். சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. ஆனால் சம்பளத்து ஆளுக்குக் கண் இருக்கும் அளவுக்குப் பயம் இருக்காது.

நம்மூரில் ஏலக்காயை எப்படித் தரம் பிரிக்கிறோம்? சல்லடையில் அரித்துப் பருமன் பார்க்கிறோம். பச்சை பார்க்கிறோம். எடை பார்க்கிறோம். மூக்கருகே கொண்டுபோய் வாடை பார்க்கிறோம். கழிவை அப்படிப் பிரிக்க முடியாது. எப்படிக் கொல்லும் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தீப்பற்றிக் கொல்வது ஒரு வகை, பெயின்டுக் கடைத் தின்னர் மாதிரி. தோலையும் இரும்பையும் அரிப்பது ஒரு வகை, அது அமிலமும் காரமும். தனியே கிடந்தால் சாதுவாக இருந்து, வேறொன்றைத் தொட்டதும் பொங்கி எழுவது ஒரு வகை. உள்ளே போனால் ஆளைச் சாய்ப்பது ஒரு வகை. இது போதாதென்று சட்டத்தோடு ஒரு அட்டவணையும் உண்டு. முலாம் பட்டறையின் சயனைடு, ஈயம் கலந்த சேறு, பூச்சிமருந்தின் மிச்சம் என்று பெயர் சொல்லியே போட்டிருப்பார்கள். அதில் பெயர் வந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. வாடை அடித்தாலும் விஷம், அடிக்காவிட்டாலும் விஷம்.

கழிவை உண்டாக்கிய தொழிற்சாலை, அது இன்னதென்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்றிப்போகிறவன் போட வேண்டும். வாங்கி வைக்கிற நான் போட வேண்டும். கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் அரசாங்கத்துக்குத் தகவல் போகும். பிள்ளையைப் பெற்று ரோட்டில் போட்டுவிட்டுப் போகிற வேலை இங்கே நடக்காது. விஷத்தோடு நல்ல தண்ணீரைக் கலந்தால் விஷம் குறைந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மொத்தத்தையும் விஷக் கணக்கில் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. ஆகாத இரண்டை ஒரே கரைக்குள் வைக்கக்கூடாது. வெட்டுக்குத்தான பங்காளிகளை ஒரே பந்தியில் உட்கார வைப்போமா? அந்த மாதிரி.

என்னிடம் வேலை பார்ப்பவர்களில் தமிழர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, சீனக் கிழவர் ஒருவர் உண்டு. ஒருவர் எழுத்து இன்னொருவருக்குப் படிக்க வராது. அதற்கு நான் கண்டுபிடித்ததுதான் நிறம். அமிலத்துக்குச் சிவப்பு. வெளுப்புத் தண்ணீருக்கும் காரத்துக்கும் நீலம். தீப்பற்றுவதற்கு மஞ்சள். அட்டவணையில் பெயர் வந்த கொலைகாரச் சரக்குக்குக் கறுப்பு. டிரம் வாயிலும் பூசினேன், அது நிற்கும் தரையிலும் பூசினேன். நிறம் தப்பி நின்றால் குருடனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இதை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என் மகன் செல்வத்துக்கு இதிலெல்லாம் பெருமை இல்லை. என் பேச்சுத்தான் அவனுக்குக் குறை. கல்லூரியில் சேர்ந்த புதிதில், "அப்பா, எல்லா கெமிக்கலையும் மருந்து மருந்துன்னு சொல்றீங்க. நேத்து போன்ல கேட்டவர் இது கிளினிக்கான்னு கேட்டார்" என்றான். நம்மூரில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். அவனுக்கு அந்த ஊர் தெரியாது. ஒருமுறை கூட்டிப்போனபோது கொட்டக்குடி ஆற்றைப் பார்த்து, "இதுவா?" என்று கேட்டான். அதோடு நான் கூட்டிப்போகவில்லை.

3

டிரம் தொழிலை நான் இங்கே வந்து கற்கவில்லை. எழுபதுகளில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் மருந்தடித்து முடித்த டிரம்கள் மழையில் கிடக்கும். அவற்றை ஜீப்பில் கீழே இறக்கி விற்ற முதல் ஆள் நான்தான். "கொண்டு பொய்க்கோ" என்று மலையாளத்து மேஸ்திரி பீடிக்கட்டு ஒன்றுக்குத் தூக்கிக் கொடுப்பான். வழியில் ஓடையில் போட்டு அலசுவோம். கொஞ்ச நேரத்தில் மீன் மல்லாந்து மிதக்கும். அதையும் பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள்.

கீழே வந்தால் அடிதடிதான். தண்ணீர் பிடித்து வைக்க வாங்கினார்கள், நெல் கொட்ட வாங்கினார்கள், கல்யாண வீட்டுச் சமையலுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். "மூந்து பாத்தேன், ஒரு வாடையும் இல்ல, கொண்டா அண்ணே" என்று தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். யாராவது வாந்தி எடுத்துக் கிடந்தால் பித்தம் என்றார்கள், மாடு செத்தால் கண்ணேறு என்றார்கள். டிரம்மைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குச் சட்டம் கிடையாது. விற்றவனும் கேட்கவில்லை, வாங்கினவனும் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கு யாரும் என் வாசலுக்கு வர வேண்டாம்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? விஷம் இருந்த டிரம் காலியானாலும் விஷம்தான். முறைப்படி அலசி, அலசிய தண்ணீரையும் விஷம் என்று பிடித்து வைத்து, டிரம்மைத் துளை போட்டு நசுக்குகிற வரைக்கும் அதற்கு விடுதலை இல்லை. இதைக் கேட்ட அன்று, நம்மூரில் எத்தனை வீட்டில் எத்தனை டிரம் நிற்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

4

சுருளி போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தவன். நல்ல மூக்கு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் எந்தச் சரிவில் விளைந்தது, எங்கே பூஞ்சை பிடித்தது என்று சொல்லிவிடுவான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடை அடைக்கும் நேரத்தில், ஒவ்வொரு வியாபாரியின் குவியல் கிடந்த இடத்தையும் கூட்டி, சிந்திய காயையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். எவன் தோட்டம், என்ன தரம் என்ற பேச்சே இல்லை. அந்தக் கூட்டுச் சாக்கு கூட்டினவனுக்கு. தீபாவளிக்கு விற்று எடுத்துக்கொள்வான். சுருளியின் சாக்கு போடியிலேயே கனமான சாக்கு என்று பெயர். என் தங்கை கழுத்துச் சங்கிலி அந்தச் சாக்கிலிருந்து வந்ததுதான். சிந்தினது ஒன்றுகூட வீணாகக்கூடாது என்பது அவன் ரத்தத்தில் ஊறியது.

கடை அண்ணன் தம்பிச் சண்டையில் உடைந்ததும் ராசாத்தி என்னைப் பிடித்தாள். வேலை பெர்மிட் எடுத்துக் கொடுத்துச் சுருளியை இங்கே கொண்டுவந்தேன். வந்த அன்றே கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தான்.

"என்னா மச்சான், இம்புட்டு டிரம்மு அரையுங் காலுமா நிக்குது. எடத்த அடைக்குதே."

"மாப்ளே, இது ஏலக்காயில்ல. அரையா இருந்தா அரையாவே இருக்கட்டும். செவப்பு செவப்போட, நீலம் நீலத்தோட. சாமியே வந்து சொன்னாலும் மாத்தி ஊத்தாத."

"ஆத்தாடி! சைவப் பானைக்கும் கவுச்சிப் பானைக்கும் தீட்டுப் பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க."

"தீட்டுப் பட்டா முழுகி எந்திரிக்கலாம். இதுல எந்திரிக்க மாட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் சொன்னது அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நீங்களே பிறகு கேட்பீர்கள். டிரம் வீணாகிறது என்று நான் தினமும் சத்தம் போடுவேன். "டிரம்மு என்ன உங்க மாமனார் வீட்டுச் சீரா, ஆளுக்கொண்ணா எறைக்கிறீங்க?" என்பேன். முதலாளி சத்தம் போடாமல் வேறு யார் போடுவார்? ஆனால் கலந்து ஊற்று என்று ஒருநாளும் என் வாயிலிருந்து வரவில்லை.

5

அன்றைக்கு மதியம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். சுருளி மட்டும் உள்ளே நின்று, எனக்கு நல்லது செய்ய ஆரம்பித்தான். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடுகிற பட்டறையின் மிச்ச அமிலம் சிவப்பு டிரம்மில் அடியில் கிடந்தது. சாயப்பட்டறையின் வெளுப்புத் தண்ணீர் நீல டிரம்மில் பாதி கிடந்தது. சிவப்பைத் தூக்கி நீலத்தில் ஊற்றினான். கூட்டுச் சாக்கு!

கோப்பிக் கடையிலிருந்து திரும்பி வந்த நான் முதலில் கேட்டது இருமலை. அப்புறம் பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை, எழும்பாமல், தரையோடு தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்து வரிசை கறுப்பு. சயனைடு. அதில் அந்த அமிலத்தை ஊற்றியிருந்தால் இருமுவதற்குக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.

காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கம் ஓடச் சொன்னது நான். துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவன் காலைப் பிடித்து இழுத்து வந்ததும் நான். தீயணைப்புக்காரர்கள் வருவதற்குள் என் ஆட்கள் அத்தனை பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். மழையில் சேற்றில் கிடந்த சுருளிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. மூக்கிலும் வாயிலும் நுரை. அந்த நிலைமையில் அவன் சொன்ன முதல் பேச்சு:

"மச்சான்... ஒரு டிரம்மு மிச்சம்..."

ஓங்கி அறைந்தேன். எல்லாரும் பார்க்கத்தான் அறைந்தேன். இருமிக்கொண்டே கன்னத்தைப் பிடித்தான். அந்த அறையைப் பார்த்த எவனும் அதற்குப் பிறகு என் கிட்டங்கியில் நிறம் மாற்றி ஒரு சொட்டு ஊற்றியதில்லை.

6

ஆஸ்பத்திரிக்கு ஒரு அதிகாரி வந்தாள். என் மகன் வயதுதான் இருக்கும், சீனப் பெண். அதற்கு முன்னால் கிட்டங்கியை முழுக்கச் சுற்றிப் பார்த்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, சுருளிக்கு இங்கிலீஷ் தெரியாது, என் இங்கிலீஷ் லாரிக்குத்தான் உதவும். செல்வம் நடுவில் நின்றான்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. கலந்து ஊற்றுவது கம்பெனி வழக்கமா, இல்லை இந்த ஆள் தானாகச் செய்ததா? கம்பெனி வழக்கம் என்றால் என் லைசென்சு போகும். தானாகச் செய்தது என்றால் அவன் பெர்மிட் போகும். மூன்றாவது வழி இல்லை. செல்வம் அதைத் தமிழில் சொன்னபோது சுருளிக்கும் நன்றாகவே புரிந்தது.

மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்தான். குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது.

"அப்பு செல்வம், அந்தம்மாகிட்ட வெவரமாச் சொல்லு. மச்சான்தான் டிரம்ம வீணடிக்காதன்னு தெனமும் சத்தம் போடுவாரு. அவருக்கு மிச்சமாகட்டுமேன்னுதான் ஊத்துனேன். நானா என் இஷ்டத்துக்குச் செஞ்ச சோலி இல்ல. என்னைய ஊருக்கு அனுப்பிராதீகன்னு சொல்லு. ராசாத்தியும் பிள்ளைகளும் என் சம்பளத்த நம்பித்தான் இருக்குதுக."

செல்வம் என்னைப் பார்த்தான்.

"அப்பா, சொல்லட்டுமா?"

"அவன் செஞ்சதச் சொல்லு. அது போதும். நெனச்சதெல்லாம் சட்டத்துல எங்க வருது?"

"மாமா சொன்னது அது இல்லையே."

"லைசென்சு போனா ஒன் காலேஜும் போகும். வெரசாச் சொல்லி முடி."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவளிடம் சொன்னான். சின்னதாக ஒரு வாக்கியம். அவள் எழுதிக்கொண்டாள். சுருளி செல்வத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அவளைப் பார்த்துக் கும்பிட்டான். அவளும் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? ஊற்றினது அவன் கை. நான் பூசிய நிறம் தரையில் சாட்சி சொன்னது. நிறம் பூசிய முறை நன்றாக இருக்கிறது, மற்றக் கிட்டங்கிகளிலும் செய்யச் சொல்லப்போகிறோம் என்று அந்தப் பெண்ணே வெளியே வந்து சொன்னாள். அதையும் செல்வம்தான் தமிழில் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

லைசென்சு தப்பியது. சுருளியின் பெர்மிட்டை ரத்து செய்தார்கள். விமானத்துக்கு என் லாரியிலேயே ஏற்றி அனுப்பினேன். செல்வம் அன்றிலிருந்து என்னிடம் தமிழ் பேசுவதில்லை. இங்கிலீஷில் கேட்பான், நான் தமிழில் சொல்வேன். இங்கே வளர்கிற பிள்ளைகள் எப்படியும் போகிற வழிதான் அது, கொஞ்சம் முன்னால் போய்விட்டான்.

7

ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது, சுருளிக்கு மூக்கு செத்துவிட்டது. போடித் தபாலாபீசில் டிரங்கால் போட்டுக் காத்துக் கிடந்து ராசாத்தி பேசினாள்.

"அண்ணே, அவருக்கு ஒரு வாடையும் தெரியலண்ணே. ஏலக்காய நசுக்கி மூக்குல வச்சாலும் மரக்கட்டை மாதிரி உக்காந்துருக்காரு. எந்தக் கடையிலயும் சேக்க மாட்டேங்குறாங்க."

"மூக்குதான போச்சு. தோளு இருக்குல்ல, மூட்ட தூக்கச் சொல்லு."

"ரெண்டு படி ஏறுனா எளைக்குதுண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்தம்மா விட்ருக்குமாம்ல. மருமகன் எழுதிருந்தான்."

அப்படியானால் என் மகன் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குத் தமிழில் எழுதியிருக்கிறான். எனக்கு அதுதான் அன்றைக்குப் புதுச் செய்தி.

"விட்ருந்தா என் கம்பெனி போயிருக்கும். ராசிங்காபுரத்து ஆளுக எத்தன பேரு இங்க கஞ்சி குடிக்கிறானுகன்னு தெரியுமா ஒனக்கு? ஒருத்தன் போனான், அம்புட்டுப் பேரும் நின்னாங்க."

"அந்த ஒருத்தன் எம் புருசன்ணே."

"நான் பாத்து வச்ச புருசன்தான்" என்றேன். லைன் அறுந்ததா, அவள் வைத்தாளா தெரியாது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மலையடிவாரத்தில் ஓடைத் தண்ணீர் குடித்த மாடுகள் வரிசையாகச் செத்தன. மேலே டிரம் அலசியதுதான் காரணம் என்று இந்த முறை ஊர் கண்டுபிடித்தது. யார் சொல்லி? சுருளி சொல்லி. தோட்ட முதலாளிகள் பயந்து அவனைக் கூப்பிட்டார்கள். மூட்டை தூக்க முடியாதவன், கடையில் முகர முடியாதவன், ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு என்று சொல்லிக்கொடுக்கிறான். "வாடை இல்லைன்னு நம்பாதீங்க" என்கிறானாம். அவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது! மாதச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். நல்லது. என் தங்கை வீட்டில் அடுப்பு எரிகிறது. அது எரிவது நான் கண்டுபிடித்த நிறத்தால் என்று மட்டும் எவனும் சொல்லவில்லை.

8

ஊரில் என்னைப் பற்றிப் பேசுவது என் காதுக்கு வராமல் இல்லை. தங்கை புருஷனைக் காட்டிக்கொடுத்தவன் என்கிறார்கள். பேசட்டும். பழியை என் பெயரில் எழுதினால், அதே கையால் புகழையும் என் பெயரில் எழுத வேண்டும். பழிக்குப் பெத்தணசாமி, புகழுக்குச் சுருளிவேலா?

மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த மலரில் அதே நடுப்பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். என் படம் இத்தோடு வருகிறது, கிட்டங்கி முன்னால் நின்று எடுத்தது. அதைப் பெரிதாகப் போடுங்கள். கீழே இப்படி எழுதுங்கள்: 'விஷக்கழிவை நிறம் பூசிப் பிரிக்கும் இந்த முறையை ஏற்படுத்தியவர் ராசிங்காபுரம் மா. பெத்தணசாமி. அவரிடம் கூலிக்கு இருந்து, சொல் கேளாமல் கலந்து ஊற்றி, மூக்கை இழந்து கற்றவர் சுருளிவேல்.'

அவன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டாவதாகப் போடுங்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ராசாத்தி வருத்தப்படுவாள் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், அண்ணன் தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். அவள் வீட்டுக்கு ஒரு பிரதி என் செலவில் அனுப்பிவிடுங்கள்.